நவம்பர் தாளுக்கு ஒரு கண்மாய்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்து முடித்ததும் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. மாதத்துக்கு ஒரு தாள், தாளுக்கு ஓர் இயற்கைக் காட்சி. வெளிநாட்டு சிடியிலிருந்து பனிமலையை எடுத்து, அதன் கீழே ஆடி அமாவாசையையும் முகூர்த்த நாளையும் பொருத்த வேண்டும். நம் ஊர் ஒரு தாளிலாவது வரக்கூடாதா என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும். பொங்கல் முடிந்து அடுத்த வருஷத்துக் காலண்டருக்கான மாதிரி ஆல்பம் வேலை தொடங்கியபோது முதலாளியிடம் கேட்டேவிட்டேன்.

"நம்ம பக்கம் என்னப்பா இருக்கு?" என்று சிரித்தார். "சரி, நவம்பர் தாள் காலியாத்தான் கிடக்கு. கம்பெனி கேமராவ எடுத்துட்டுப் போ. திங்கக்கிழமை பிளேட்டுக்குப் போகணும். நல்லா இல்லேன்னா பனிமலைதான்."

சனிக்கிழமை அணைக்கட்டுக்குப் போனேன். சூலக்கரை போய்க் கலெக்டர் ஆபீசில் கடிதம் வாங்கி வா என்றார் காவல்காரர். மலையடிவாரத்தில் வனத்துறை கேட். இருக்கன்குடி கோயில் ஆற்றங்கரையில் யாரும் தடுக்கவில்லை. ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் மொட்டைத் தலைகள். ராத்திரி படுத்து யோசித்ததில் ஒன்று விளங்கியது. கேட் போட்ட இடம் நமக்கு ஆகாது, ஆடு மேய்கிற இடத்தில் கேட்பாரில்லை. அப்படியானால் கண்மாய்தான்.

ஞாயிறு சாயங்காலம் எம். புதுப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாய் நிறைந்து கிடந்தது. தண்ணீரில் பனைமரங்களின் நிழல், தூரத்தில் நீலமாக மேற்கு மலை, நடுவில் கூட்டமாகக் கொக்குகள். கரையில் முட்டி போட்டு எடுக்கத் தொடங்கினேன். கரைக்குக் கீழே வேப்பமரத்தடியில் நாலைந்து பெண்கள் பேசியபடி பட்டாசுச் சரம் பின்னிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர்கள் என்னைக் கவனித்துவிட்டார்கள்.

"ஏடி, போட்டோ பிடிக்கான்! சாக்கத் தூக்கு!"

பட்டாசு ஆலைக்கு வெளியே வீட்டிலோ மரத்தடியிலோ சரம் பின்னக்கூடாது என்று சட்டம். அந்தப் பக்கம் கேமராவோடு வருகிறவர் ஒன்று அதிகாரி, இல்லையென்றால் பத்திரிகைக்காரர். சாக்குகள் ஓடின, சேலைகள் ஓடின, அந்தச் சத்தத்தில் கொக்குகளும் மொத்தமாகப் பறந்துபோயின. ஓர் அக்கா மட்டும் இடுப்பில் கைவைத்துக் கரையேறி வந்தார்.

"எந்த ஆபீசு?"

"ஆபீஸ் இல்லக்கா, காலண்டர் கம்பெனி. கொக்கத்தான் எடுக்கேன்."

"கொக்கு என்ன குத்தம் செஞ்சது? காட்டு பாப்போம்."

கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒரு படத்தில் விரலை வைத்தார். கொக்குகள் சிறகு விரித்து இறங்குகிற நேரம் எடுத்தது. அன்று அமைந்ததிலேயே அதுதான் படம். ஓரத்தில் வேப்பமரமும் ஒரு சாக்கும், பக்கத்தில் பச்சைச் சேலையும்.

"இது என் சேலை. அழி."

மனசே இல்லாமல் அழித்தேன். திரையில் அது போனதைப் பார்த்த பிறகுதான் அக்காவின் முகம் இளகியது.

"ஏன் தம்பி, இடி விழுந்த மாதிரி நிக்கீக?"

நாளைக்குப் படம் கொடுக்காவிட்டால் பனிமலை வந்துவிடும் என்றேன். பனிமலை அவருக்குப் பிடிபடவில்லை, ஆனால் கொக்கு போனது தங்களால்தான் என்பது பிடிபட்டது. மரத்தடியைப் பார்த்துக் கூப்பிட்டார்: "வாங்கடி, நம்ம பையன்தான். ஆனா ஒருத்தியும் வாயத் தொறக்கப்படாது. கொக்கு வரணும்."

அவர்கள் திரும்பி வந்து என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து மறுபடி பின்னினார்கள். பேசாமல் இருப்பது அவர்களுக்கு எம்புட்டுப் பாடு என்பது எனக்குக் கேட்டது. ஒருத்திக்குச் சிரிப்பு முட்டியது, அடுத்தவள் கிள்ளினாள், "ஆத்தீ!" என்று ஒரு சத்தம்; "ஷ்ஷ்!" என்று அக்கா அதட்டினார். வெயில் சாய்ந்து தண்ணீர் செம்பு நிறமானபோது முதல் கொக்கு இறங்கியது. பின்னாலேயே மற்றவையும்.

திங்கட்கிழமை முதலாளி கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "கேரளாவா?"

"புதுப்பட்டிப் பக்கம், அண்ணாச்சி."

"நெசமாவா?" இன்னொரு தடவை பார்த்தார். "பிளேட்டுக்கு அனுப்பு."

அச்சு ஓடியபோது சாப்பிடக்கூடப் போகாமல் மிஷின் பக்கத்திலேயே நின்றேன். மிஷின் ஓட்டுகிற அண்ணன் மை காயாத தாளை ஓரத்தில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"ஏலே, இதுல விரால் கிடக்கும் போலயே. ஞாயித்துக்கிழமை தூண்டில் போடலாமா?"

"மீனுக்குன்னா கண்மாய ஏலம் எடுத்தவர்ட்ட கேக்கணும்ணே. சும்மா பாக்க யாரையும் கேக்கவேண்டாம்."

"சும்மா பாக்கவா?" என்று இழுத்தவர், வழியை விசாரித்துக்கொண்டே அடுத்த கட்டுத் தாளை மிஷினில் ஏற்றினார்.