ஒரு ஃபேஸ் வீட்டில் அண்ணன் இறக்கிய லேத்

லாரிக்காரன் மேல்கூட எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. செத்துப்போன அண்ணன் மேல்தான்.

தேஹு ரோட்டில் எங்களுடையது இரண்டு அறை வீடு. முன்னறையில் பாதியை அவன் வாங்கிய, இரும்பு கடையும் பழைய லேத் அடைத்துக்கொண்டு நின்றது. அதன் மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் வேண்டும். எங்களுக்கு வருவது ஒன்று. கீசர் போட்டால் மிக்ஸி போட முடியாத வீடு. பத்து வருஷம் லேத் ஓட்டினவனுக்கு இதுகூடவா தெரியாது? அதை இறக்கிய நான்காம் நாள் பைக்கில் போனவன் லாரியில் அடிபட்டான். லேத் ஒருமுறைகூடச் சுற்றவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் இலை எடுப்பதற்குள் அம்மாவின் தம்பி ஆரம்பித்தார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம பழைய இரும்பு வாங்குற பங்கார்காரன் டெம்போவோட வரேன்க்கா. எடைக்குப் போட்டுடலாம்."

"யாரு கேட்டாங்க?" என்றேன்.

"பின்ன, நீ ஓட்டப் போறியா? பொட்டப்புள்ளைக்கு லேத்தாம்! வூட்டுக் கரண்ட்டுல அது உறுமக்கூட உறுமாது."

"நீ உறுமாம இரு மாமா, போதும்."

அம்மா குனிந்து இலைகளை எடுக்கப் போனாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

மறுநாள் மோட்டாரிலிருந்து தொங்கிய மூன்று வயரில் இரண்டை வீட்டு லைனில் மாட்டி சுவிட்சைப் போட்டேன். நன்றாகவே உறுமியது. சுற்றத்தான் இல்லை. அடுத்த நொடி மெயினே விழுந்து ஃபேன் நின்றது.

எட்டாவதோடு நின்றவள் நான். சிஞ்ச்வட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில், கடைந்து வரும் பாகங்களை அளந்து பிரிக்கிறேன். அங்கே எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். ஒரு ஃபேஸை வாங்கி மூன்றாக்கித் தரும் டிரைவ் ஒன்று தன்னிடம் பழையது கிடக்கிறது என்றார். ஆனால் அது வீட்டு வோல்டேஜைத்தான் தரும், அதற்கேற்ப மோட்டாருக்குள் இணைப்பை மாற்ற வேண்டும் என்றார்.

சனிக்கிழமை அதை மாட்ட வந்து மோட்டாரின் சின்ன மூடியைக் கழற்றினார். படுத்திருக்க வேண்டிய இணைப்புப் பட்டைகள் உள்ளே ஏற்கெனவே வீட்டு வோல்டேஜுக்கு ஏற்றபடி நிமிர்ந்து நின்றன.

"கிஸ்னே கியா, தீதி?"

யார் மாற்றியது என்று கேட்கிறார். மூடியின் உள்பக்கம் பென்சிலில், இந்தி எழுத்தில், அண்ணனின் கோணல் கையெழுத்து: கீசர், ஃப்ரிட்ஜ் ஆஃப். லேத் ஓடும்போது அவை ஓடக் கூடாதாம் என்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

தெரிந்துதான் வாங்கியிருக்கிறான். எல்லாம் யோசித்து, பாதி வேலையையும் முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறான். இத்தனை நாளும் முட்டாள், முட்டாள் என்று அவன் படத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

ஞாயிறு காலை டெம்போ வாசலில் நின்றது. மாமா கயிற்றோடு உள்ளே வந்தார். அம்மா எழுந்து போய் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"போடுடி," என்றாள்.

டிரைவின் குமிழைத் திருப்பினேன். லேத் மெல்ல அசைந்து, பிறகு ஒரே சீராகச் சுற்றியது. ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தது.

"சும்மா சுத்துது. வெட்டுமா?" என்றார் மாமா.

சாப்பாட்டு வேளைகளில் ஒர்க்‌ஷாப் லேத்தில் பழகியிருக்கிறேன். ஒரு கம்பியை மாட்டி உளியை அதன்மேல் நகர்த்தினேன். இரும்புச் சுருள் புகையோடு கழன்று வந்தது.

"தள்ளி நில்லு மாமா. மேல பட்டா பொத்துடும்."

டெம்போ காலியாகத் திரும்பியது.

ஃப்ரிட்ஜை மறுபடி போட இருவருமே மறந்துவிட்டோம். சாயங்காலம் பார்த்தால் பால் திரிந்திருந்தது. அதற்கும் அவனைத்தான் திட்டினேன்.