சீட்டுக்குப் போட்ட துண்டு

காலை ஐந்தே முக்காலுக்கு முனீஸ்வரியிடமிருந்து போன் வந்தது. "ஆரிப் மாமா, அப்பா போயிட்டாரு" என்றாள். "எங்கம்மா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் வீரணன் அண்ணன் வீட்டைவிட்டுப் போயிருந்தால் அது மாட்டுத்தாவணி ஸ்டாண்டில் பஸ் பிடிக்கத்தான் இருக்கும். அவள் அழுத பிறகுதான் புரிந்தது. இரவில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வில்லாபுரத்து வீட்டுக்குத் திரும்பாமல், மேலூருக்கு அடுத்த சொந்த ஊருக்கே நேராகக் கொண்டுபோய்விட்டார்கள். "மத்தியானம் எடுத்துருவாக மாமா, வெரசா வந்துருங்க."

அவருக்கும் எனக்கும் சொந்தமில்லை. மேலூரில் மோட்டார் சாமான் விற்கும் கடையில் அவருக்கு வேலை. அதே ஊரில் ஓர் அரிசி ஆலையில் எனக்குக் கணக்கு வேலை. காலையில் ஒரே பஸ். நான் அண்ணே என்பேன், அவர் மாப்ள என்பார். அண்ணனுக்குத் தம்பி எப்படி மாப்பிள்ளை ஆவான் என்று பஸ்ஸில் ஒருவரும் கேட்டதில்லை. மதுரையில் அதையெல்லாம் கேட்பதில்லை.

ஊரறிய அவருக்கு இருந்த திறமை ஒன்றுதான். பஸ் உள்ளே திரும்பி நிற்பதற்கு முன்பே கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை வீசுவார். பச்சைக் கரை போட்ட துண்டு. அது சரியாக இரண்டு பேர் சீட்டில் போய் விழும். அரைத் தூக்கத்தில் வந்து சேரும் எனக்கு அதில் ஓரிடம்.

கேட்கிறவர்களுக்கு இது பெரிய நட்பாகத் தோன்றும். ஆனால் ஒத்தக்கடையில் யாராவது ஒரு கிழவி கூடையோடு ஏறுவாள். அண்ணனின் முழங்கை என் விலாவில் இடிக்கும்.

"மாப்ள, எந்திரி. ஆத்தா நிக்குதுல்ல."

நான் எழுந்திருப்பேன். அவர் எழுந்திருக்க மாட்டார். கிழவி உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, "நல்லா இருப்பய்யா" என்று அவரை வாழ்த்துவாள்.

"நிக்கிறது நானு, வாழ்த்து உங்களுக்காண்ணே?"

"சீட்டுப் பிடிச்சது யாரு? புண்ணியம் எனக்கு. நின்னா உனக்குத் தொப்பை குறையும். ரெண்டு பேருக்கும் லாபந்தான மாப்ள?"

ஒருமுறை எனக்குக் காய்ச்சல். அன்று கிழவிக்காக அவரே எழுந்து மேலூர் வரை நின்றுகொண்டு வந்தார். இறங்கும்போது, "ரொம்ப நன்றிண்ணே" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "என்ன மாப்ள, பேங்க்ல பேசுற மாதிரி பேசுற?" அந்த வாரம் முழுக்கத் துண்டு விழுந்தது, பேச்சு மட்டும் இல்லை. அதிலிருந்து நன்றியை விட்டுவிட்டுக் குறை சொல்லப் பழகிக்கொண்டேன். வெயில் பக்கமாப் பிடிச்சிருக்கீங்க, டயருக்கு மேல பிடிச்சிருக்கீங்க என்பேன். அவருக்கு மனம் நிறைந்துவிடும். "அம்புட்டுக் கொழுப்புடா உனக்கு" என்று சிரிப்பார்.

நேற்று பஸ் ஸ்டாண்டில் என் கை தட்டி அந்தத் துண்டில் டீ கொட்டிவிட்டது. மாலையில் இறங்கும்போது அதைச் சுருட்டி என் பையில் திணித்தார். "நீ கொட்டுனது, நீயே துவைச்சுக் கொண்டா. நாலு பேரு உக்காருற எடத்துல போடுறது, கறை இருக்கப்படாது."

வீட்டில் என் மனைவி சபிஹா அதை விரித்துப் பார்த்தாள். "யா அல்லா, மேலூர் ரோட்டுத் தூசி இம்புட்டும் இதுலதான் இருக்கு" என்று சோப்புத் தூளில் ஊறப்போட்டாள். "கசக்குறது உங்க வேலை." காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

இன்று முகூர்த்த நாள். மாட்டுத்தாவணி முழுக்கப் பட்டுப் புடவையும் தாம்பூலப் பையும். எடுப்பதற்குள் போய் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே நினைப்போடு, கையில் மாலையுடன் நின்றேன். முதல் பஸ்ஸுக்கு ஓடினேன், படியைக்கூடத் தொட முடியவில்லை. அடுத்த பஸ்ஸில் ஜன்னல் வழியாக என் கர்ச்சீப்பைப் போட்டேன். உள்ளே இருந்தவர் அதை எடுத்து மரியாதையாக வெளியே நீட்டினார். "பாய், கர்ச்சீப்பு விழுந்துருச்சு. பாத்து வச்சுக்கங்க."

மூன்றாவது பஸ்ஸில், மாலையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி படியில் தொற்றினேன். இத்தனை வருடம் எனக்கு இடம் பிடித்தவர், தன்னைப் பார்க்க வரும் நாளில் நின்றுகொண்டு வரவைத்துவிட்டார்.

ஒத்தக்கடையில் ஒருவர் இறங்க, எனக்கு இடம் கிடைத்தது. உட்கார்ந்த சூட்டிலேயே கூடையோடு ஒரு கிழவி ஏறினாள். விலாவில் யாரும் இடிக்கவில்லை. நானாகவே எழுந்தேன். அவள் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்து, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏய்யா, இது வெயிலடிக்கிற பக்கமால்ல இருக்கு."

அண்ணன் இருந்திருந்தால் ஒத்தக்கடையிலிருந்து மேலூர் வரை சிரித்திருப்பார்.

நான் போனபோது பாடை கட்டி முடித்திருந்தார்கள். முகம் பார்த்தேன். மாலையைப் போட்டேன். பாதி வழியிலேயே பூ உதிர்ந்து, அதில் நார்தான் அதிகம் இருந்தது. அவர் மனைவி முத்துத்தாய் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"தம்பி, அந்தத் துண்டு உங்ககிட்டதான இருக்கு? கொண்டாந்தீகளா? ராத்திரி சாப்பிடையிலகூட, நாளைக்கு எதைப் போட்டுச் சீட்டுப் பிடிக்கிறதுன்னு பொலம்பிக்கிட்டே இருந்தாரு. அதை அவரு தோள்ல போட்டு அனுப்பணும்னு நெனச்சேன்."

வாளியில் ஊறுவதைச் சொன்னேன். அப்படி ஒரு சமயத்தில் சோப்புத் தூள் என்ற சொல்லை உச்சரிக்க நேர்ந்தது. சுற்றியிருந்த பெண்களின் அழுகைகூட ஒரு கணம் நின்றது.

"சரி விடுங்க" என்றார் அவர். "இனி எந்தச் சீட்டைப் பிடிக்கப் போறாரு? ஆனா அங்க போயும் எவனையாச்சும் எந்திரின்னுதான் சொல்லிக்கிட்டு இருப்பாரு." சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது.

மச்சினர் ஒருவர் கோடித் துண்டை அண்ணனின் தோளில் போட்டார். வெள்ளை வெளேரென்று, ஒரு கறையும் இல்லாமல். அவருக்கு அது பொருந்தவே இல்லை.

எடுத்து முடிந்ததும் கிளம்பினேன். சாவு வீட்டில் வாரேன் என்று சொல்லக் கூடாது, சொல்லவில்லை. நன்றியையும் சொல்லவில்லை. அதில் அண்ணனுக்கு மனத்தாங்கல் இருக்காது. வாசல் தாண்டும்போது முத்துத்தாய் மட்டும் பின்னால் வந்தார். "அந்தத் துண்ட நீங்களே வச்சுக்கங்க தம்பி. நாளைக்கு நீங்கதான பஸ் ஏறணும்."

துண்டு இன்னும் வாளியில்தான் கிடக்கிறது. டீக்கறை அப்படியே இருக்கிறது. நான் இன்னும் கசக்கவில்லை.