பஸ்ஸில் நித்திரை கொள்ளக்கூடாத பிள்ளை

சிறு பிள்ளைகளோடு பயணம் போவதற்கென்று உலகம் கண்டுபிடித்த சாதனங்களில் பாதியாவது புல்மோட்டை பஹ்மியாவின் வீட்டில் இருக்கிறது. எல்லாம் கட்டாரில் வேலை செய்யும் கணவர் நஸ்ரி அனுப்பியவை. மடக்கினால் குடையளவும் விரித்தால் கட்டிலளவும் ஆகும் தள்ளுவண்டி. பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் பை. கழுத்துக்கு வளையத் தலையணை. இவை அனைத்தினதும் நோக்கம் பிள்ளையை உறங்க வைப்பது. பஹ்மியாவுக்கு அன்று வேண்டியிருந்ததோ இரண்டு வயது அஸ்ஹானை உறங்கவிடாத சாதனம். அதை இதுவரை எந்தக் கம்பனியும் செய்யவில்லை.

காது பரிசோதிக்கும் கருவியோடு கொழும்பிலிருந்து ஆட்கள் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் உள்ள நிலையத்துக்கு எப்போதாவதுதான் வருவார்கள். கருவி பூட்டும்போது பிள்ளை ஆழ்ந்து உறங்க வேண்டும், ஆகவே வழியில் கண்மூட விடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். வழியில் உறங்கினால் பரிசோதனை இல்லை. அடுத்த வருகை எப்போதென்று அவர்களுக்கே தெரியாது.

வீட்டில் அவள் சொன்னது, சளிக்கு மருந்தெடுக்கப் போவதாக. நஸ்ரிக்கும் அதையேதான் சொன்னாள். வீடியோ அழைப்பில் மகன் சிரிக்கும்போதெல்லாம் தன் குரலைக் கேட்டுத்தான் சிரிக்கிறான் என்று பெருமைப்படும் மனிதரிடம் வேறென்ன சொல்வது?

தள்ளுவண்டியை மடக்கத் தெரியாமல் அவள் போராடிய நேரத்தில் பஸ் நிரம்பிவிட்டது. கொண்டக்டர் அதை விரித்தபடியே பின்பக்கம் வைத்து, யாரோ ஒருவரின் அரிசி மூட்டையை அதில் ஏற்றினார். வண்டி உபயோகப்பட்டது அன்றுதான்.

எங்கள் பஸ்களில் நிற்பவரின் பையும் பிள்ளையும் இருப்பவரின் மடிக்குச் சொந்தம். யாரும் அனுமதி கேட்பதில்லை. அன்புவழிபுரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆசிரியை இராசமலர் அஸ்ஹானை வாங்கி மடியில் கிடத்தினார். கை தானாகவே முதுகில் தட்டத் தொடங்கியது. நித்திரையாக்க வேண்டாம் என்று பஹ்மியா சொன்னாள். ஒரு தாய் இப்படியும் சொல்வாளா என்று ஆசிரியை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குச்சவெளி வருவதற்குள் பிள்ளைக்குக் கண் சொக்கியது.

"இந்தப் பாட்டுச் சத்தத்துக்கும் அசையிறானில்லையே தங்கச்சி. எவ்வளவு நல்ல பிள்ளை."

பஹ்மியா கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பஸ்ஸில் பாதிப்பேர் அவளுடைய ஊர்.

"நல்ல பிள்ளையெண்டில்ல அக்கா. அவனுக்குக் காது கேக்குதில்ல போல. இப்ப ஒறங்கினா அங்க பாக்க ஏலாது."

அந்த வார்த்தையை அவள் வெளியே சொன்னது அதுவே முதல் தடவை.

பஸ் உடனடியாகக் கடமையில் இறங்கியது. ஒருவர் கைதட்டினார், ஒருவர் சாவிக்கொத்தை ஆட்டினார், கொண்டக்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், சாரதி தம் பங்குக்கு ஹோர்ன் அடித்தார். காது கேளாத பிள்ளையை எழுப்ப அத்தனை பேரும் மனமாரச் சத்தம் போட்டார்கள். அஸ்ஹான் நிம்மதியாகக் கண்ணை மூடப்போனான்.

தொட்டுத்தான் எழுப்ப வேண்டும் என்றாள் பஹ்மியா. இராசமலர் கைலேஞ்சியை நனைத்து அவன் நெற்றியில் வைத்தார். அதன்பின் பிள்ளை மடிக்கு மடி போனான். ஒருவர் உள்ளங்காலைச் சுரண்டினார், அடுத்தவர் தம் தாடியை இழுக்கக் கொடுத்தார். நிலாவெளி தாண்டியபோது அவன் பஸ் முழுவதையும் வெறுத்து வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். பயணிகள் ஒருவரையொருவர் பெருமையோடு பார்த்துக்கொண்டார்கள்.

ஓர்ஸ் ஹில்லில் பால் குடித்து முடிப்பதற்குள் உறங்கிவிட்டான். கருவி பூட்டிப் பார்த்தார்கள். ஒரு காது கேட்கவே இல்லை, மற்றதில் கொஞ்சம் கேட்கிறது, அதில் கேட்கும் கருவி வைத்தால் பேச்சு வரும் என்றார்கள்.

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வரும்போது கைப்பேசி அடித்தது. பஸ்ஸிலிருந்து புல்மோட்டைக்கும் அங்கிருந்து கட்டாருக்கும் சேதி போக, பஸ் நிலாவெளியைக் கடக்கும் நேரம் போதும்.

அழைத்தது நஸ்ரி. ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதாம் என்று அவள் சொன்னாள். ஏன் மறைத்தாய் என்ற கேள்விக்கு அவள் பதிலை ஆயத்தமாக வைத்திருந்தாள். அவர் கேட்டது வேறு.

"எந்தப் பக்கம் கேக்குதாம்?"

"சோத்துக்கைப் பக்கம். அதுவும் கொஞ்சந்தான்."

"போனை அந்தப் பக்கம் வைங்க."

வைத்தாள். பிள்ளை உறங்குகிறான் என்று அவள் சொல்லவில்லை. அவர் நீண்ட நேரம் பேசினார்.