பூதம் பேசிய பேச்சு

என் அக்கா சாகிற சத்தத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பதறாதீர்கள், அவள் உயிரோடுதான் இருக்கிறாள். சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள். வேற்றுக்கிரகத்திலிருந்து பூதம் வந்து ஊரைத் தின்னும் மலிவுப் படங்கள் ஒரு காலத்தில் வரிசையாக வந்தனவே, அவற்றில் மாடிப்படியில் செத்தவள், குளியலறையில் செத்தவள், காரின் பின்சீட்டில் செத்தவள் எல்லாருக்கும் ஒரே தொண்டைதான். திரையில் வேறு வேறு பெண்கள் வாயைப் பிளப்பார்கள், சத்தம் இவளுடையது. ஸ்டுடியோவில் அவளுக்கு அலறலக்கா என்றே பெயர்.

அந்தப் பூதங்களுக்குத் தோல் தைத்தவள் நான். பழைய மெத்தையின் ஸ்பாஞ்சு, மழைக்கோட்டுத் துணி, சைக்கிள் டியூப், கை நிறையப் பசை. முதுகில் ஜிப் வைக்காமல் ஆள் உள்ளே போக முடியாது. "ஜிப் தெரியுதேம்மா" என்று முதலாளி ஒவ்வொரு படத்திலும் குறைபட்டுக்கொள்வார். "அப்ப உங்க ஏலியனை முதுகைக் காட்டாம நடக்கச் சொல்லுங்க" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அக்காவுக்கு வாயே கிடையாது என்று ஊர் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது.

காரணம் அவள் வீடு. அத்தானுக்கு ரொட்டிக் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு. பகலெல்லாம் தூங்குவார். இருந்ததே ஓர் அறையும் ஒரு சமையலறையும். நல்ல மனிதர்தான், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, ஆனால் தூக்கம் கெட்டால் மனிதராக இருக்க மாட்டார். ஒரு மூடி கீழே விழுந்தால் போதும், அன்றைக்கு முழுக்க வீட்டில் இடி விழுந்தது மாதிரிதான். அதனால் அக்கா பாத்திரங்களுக்கு அடியில் துணி விரித்து வைப்பாள். குழாயைக் கொஞ்சமாகத் திறப்பாள். பேசுவதெல்லாம் குசுகுசுதான். அவள் மகள் குட்டி பிறந்தபோதுகூட, பாவம், அந்தக் குழந்தையே மெதுவாக அழுதது என்று நான் கேலி செய்வேன். குட்டி பேசக் கற்றுக்கொண்டதும் குசுகுசுப்பாகத்தான்.

ஒரு நாள் பூதத்துக்கு வால் பொருத்த இன்னொரு கை வேண்டியிருந்தது. அக்காவை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனேன். ஸ்டுடியோ என்றால் பழைய கிடங்கு, தகரக் கூரை, உள்ளே அடுப்புச் சூடு. தோலுக்குள் இருந்த ஆள் வெந்துபோய், நின்ற நிலையிலேயே அக்காவின் காலடியில் மயங்கி விழுந்தான். அக்கா அலறினாள். அப்படியொரு அலறலை நான் அவளோடு பிறந்து வளர்ந்தும் கேட்டதில்லை. எல்லாரும் விழுந்தவனைப் பார்க்க ஓடினார்கள். சவுண்டுக்காரர் மட்டும் தன் மெஷினைப் பார்க்க ஓடினார், அது பதிவாகியிருக்கிறதா என்று.

அவர் எப்போதும் மெஷினில் ஆடும் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பதால் அவருக்கு முள்ளுக்காரர் என்று பெயர். "யாருங்க அந்தம்மா? முள்ளு அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பலையே!" என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். மறுவாரமே அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அத்தானிடம் என்னோடு தையல் வேலைக்கு வருவதாகச் சொல்லி வைத்தோம்.

கத்திவிட்டு வெளியே வரும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தலைக்குக் குளித்துவிட்டு வந்தவள் மாதிரி இருப்பாள். வீடு திரும்பும் வழியெல்லாம் ஓயாமல் பேசுவாள். கணீரென்ற குரல், கொஞ்சம் தடித்த குரல், கடைசி வார்த்தையை இழுத்து இழுத்து முடிக்கிற குரல். தெருமுனை வந்ததும் அந்தக் குரல் இறங்கிவிடும். வீட்டு வாசலில் வெறும் காற்றுதான் இருக்கும். அந்தக் குரலைக் கேட்டவள் உலகத்தில் நான் ஒருத்திதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிறகு முதலாளிக்கு ஒரு ஆசை வந்தது. பூதம் பேச வேண்டும், வேற்றுக்கிரகப் பாஷையில். அதற்கு எங்கே போவது? முள்ளுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். அக்காவைக் கண்ணாடி அறைக்குள் நிறுத்தி, "எதையாச்சும் பேசிக்கிட்டே இரும்மா" என்று மெஷினைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்து அந்த நாடாவைப் பின்பக்கமாக, வேகத்தைக் குறைத்து ஓட்டி, வேறு நாடாவில் பிடிப்பார். அடிவயிற்றைக் கலக்கும் உறுமல் ஒன்று வரும். முதல் நாடாவை உடனே வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வார். அவள் என்ன பேசினாள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. "முள்ளு ஆடுச்சா, அது போதும் எனக்கு" என்பார்.

ஆக, ஊரையே நடுங்கவைத்த பூதங்கள் எல்லாம் என் அக்காவின் வீட்டுப் புலம்பலைத்தான் பேசின. வழியில் எனக்கு ஒப்பிப்பாள். "இன்னைக்குப் பூதம் உன்னைத்தான்டி திட்டிச்சு, ஊசியக் கண்ட இடத்துல போடுறான்னு" என்பாள். தியேட்டரில் படம் பார்க்கும்போது நான் அவள் காதைக் கடிப்பேன். "இப்ப என்னடி சொல்லுது?" "அரிசியில கல்லு இருக்காம்." விஞ்ஞானிகள் வெலவெலத்து நிற்பார்கள், நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

ஒரு படம் மட்டும் நினைவிருக்கிறது. முடிவில் பூதம் சாகும் முன் இரண்டு கையையும் தூக்கி நீளமாக ஏதோ பேசும். அது கையைத் தூக்கியதும் அக்குளில் தையல் விட்டுப்போய் உள்ளே பனியன் தெரிந்துவிட்டது. தியேட்டரே சிரித்தது, நானும்தான். குட்டி என் மடியில் இருந்தாள், அவளும் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "என்னடி, உன் பூதத்துக்கு நீயே பயப்படுறியா? என்ன சொல்லுது?" என்றேன். "ஒண்ணுமில்ல. உன் வால் நல்லா வந்திருக்குன்னு சொல்லுது" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு படம் வந்தது. பிறகு ஒரு காலையில் அவள் துப்பிய எச்சிலில் ரத்தம் இருந்ததைக் குட்டி பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். தொண்டைக்குள் கட்டி. குரல்வளையை எடுத்துவிட்டால்தான் ஆள் மிஞ்சுவாள் என்றார் டாக்டர், எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துவாரம், அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. குசுகுசுப்பும் போயிற்று. இப்போது யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரைக் கரண்டியால் தட்டுகிறாள். ஒரு தட்டு என்றால் குட்டி, இரண்டு தட்டு என்றால் நான். அவள் இல்லாமல் பூதப் படங்களும் கொஞ்ச நாளில் படுத்துவிட்டன.

போன வருஷம் அத்தான் போய்ச் சேர்ந்தார். இனி அந்த வீட்டில் மேளம் கொட்டினாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. இப்போதும் குட்டி மெதுவாகத்தான் கதவைச் சாத்துகிறாள், ஆபீசுக்குப் போகிற இந்த வயதிலும். ஒரு நாள் டி.வி.யில் எங்கள் படம் ஒன்றைப் போட்டார்கள். மாடிப்படியில் ஒருத்தி அலறிச் செத்தாள். குட்டி டி.வி.யை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சித்தி, அம்மா குசுகுசுன்னு பேசினது எனக்கு ஞாபகம் இருக்கு. கத்தினது இதோ படத்துல இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு குரல் இருந்திருக்குமில்ல? சாதாரணமா பேசற குரல். அதை நான் கேட்டதே இல்ல சித்தி. ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும்."

நான் பேசிக் காட்டிப் பார்த்தேன். எனக்கு அந்த இழுப்பு வரவில்லை, கோழி கத்துகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் பொறி தட்டியது. பூதத்தின் பேச்சைத் திருப்பி ஓட்டினால் அக்காவின் பேச்சு வராதா?

இதைக் காதில் வாங்கிய அக்கா சமையலறையிலிருந்து டம்ளரை டம் டம்மென்று அடித்தாள். வந்து என் முன்னால் நின்று வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அத்தானைக் கன்னாபின்னாவென்று திட்டி வைத்திருப்பாள், செத்தவரைப் பற்றி மகள் கேட்க வேண்டாம் என்று நினைக்கிறாள் என்று நானாக முடிவு கட்டினேன். "போடி, உன் புருஷனை நீ திட்டாம நானா திட்டுவேன்?" என்றேன். அவள் என்னை முறைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு எதையும் முழுக்கக் கேட்கிற பொறுமை என்றைக்கும் இருந்ததில்லை.

முள்ளுக்காரர் இப்போது கூட்டங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடுகிறார். கடைக்குப் பின்னால் பழைய மெஷினைப் போர்வை போட்டு மூடி வைத்திருந்தார். பூத நாடா ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அக்காவுக்குக் குரல் போனபின் எடுத்த படத்திலும் அதையே வெட்டி ஒட்டியதால் அது தப்பிப் பிழைத்திருக்கிறது. அக்காவும் எங்களோடு வந்திருந்தாள். வாசல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தவள், அவர் நாடாவை மாட்டியதும் எழுந்து வந்து சக்கரத்தின்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"அம்மா" என்றாள் குட்டி. "நீ அப்பாவை என்ன திட்டியிருந்தாலும் பரவால்ல. நான் குரலை மட்டும் கேட்டுக்கறேன்."

அக்கா மகளை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள். முள்ளுக்காரர் நாடாவைத் திருப்பிவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

கொஞ்சம் இரைச்சல். பிறகு என் அக்கா பேசினாள்.

"என்ன பேசறது... ம். தங்கச்சி தைச்ச வாலு இந்தத் தடவை நல்லா வந்திருக்கு. அவகிட்ட சொல்லக் கூடாது, தலையில ஏறி உக்காந்துக்குவா."

அதே குரல். அதே இழுப்பு. குட்டி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணிலிருந்து நீர் கொட்டியது. எனக்கும் அப்படித்தான். வால் என்றதுமே இது எந்தப் படம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"குட்டிக்கு முன்பல்லு ஆடுது. தொட விடமாட்டேங்குறா. ...ஒரு மாசமா எச்சில்ல ரத்தம் வருது. டாக்டர்கிட்ட தனியாப் போய் வந்துட்டேன். கத்தறதை இன்னைக்கே விட்டுட்டு வைத்தியத்துக்கு வா, குரலைக் காப்பாத்திடலாம்னாரு. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா தங்கச்சி காலை உடைச்சு வீட்டுல உக்கார வச்சுடுவா. வீட்டுல உக்காந்து? குசுகுசு, குசுகுசு. குரலை வச்சுக்கிட்டு அங்க நான் என்ன பண்ண? இங்க வந்து ஒரு தடவை கத்துனாத்தான் மூச்சு விட்ட மாதிரி இருக்கு. இன்னும் ரெண்டு படம் இருக்காம். அது முடியட்டும், அப்புறம் போறேன். குட்டி, இது தெரிஞ்சா நீ அழுவ. உனக்கு எங்க தெரியப் போகுது... அண்ணே, போதுமா? டீ குடிக்கப் போயிட்டாரு போல."

இரைச்சல். முள்ளுக்காரர் முள்ளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவி! அடிப்பாவி! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னடி? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். சொல்லத்தான் செய்தாள். ஒரு தியேட்டர் நிறைய ஜனங்களுக்கு நடுவில், என் காதுக்கு நேராக, பூதத்தின் வாயால் உரக்கச் சொன்னாள். நான் பனியனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், அன்றைக்குப் பிடித்த அதே இறுக்கத்தோடு. நான் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

குட்டி அழவில்லை. "இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.

முள்ளுக்காரர் மறுபடி ஓட்டினார். இந்த முறை குட்டி மெஷினைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். அக்காவின் உதடுகள் அசைந்தன. வால், முன்பல், ரத்தம், ஒரு வார்த்தையும் அவளுக்கு மறந்திருக்கவில்லை. எத்தனையோ நடிகைகளின் வாய்க்குத் தன் சத்தத்தைப் பொருத்தியவள், அன்றைக்குத் தன் சொந்தக் குரலுக்குத் தானே வாயசைத்தாள். கொஞ்சமும் பிசகவில்லை. கழுத்துத் துணி மட்டும் மூச்சில் ஏறி ஏறி இறங்கியது.

"அண்ணே, போதுமா?" என்று நாடா கேட்டது, அக்காவின் வாயும் கேட்டது.

"போதாதும்மா" என்றாள் குட்டி, குசுகுசுப்பாக. அவளுக்கு அப்படித்தான் பேசத் தெரியும்.