கிருஷ்ணராஜுக்குத் தப்பு அடித்த நாள்

லுணுகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் கிருஷ்ணராஜின் சவப்பெட்டி இருந்தது. அதன்மேல் சிங்கக்கொடி, பக்கத்தில் இரண்டு சிப்பாய்கள். சாவுக்கு அடிக்க வந்த தப்புக்காரர்கள் மூவரும் பறைத்தோலை நெருப்பில் காய்ச்சிவிட்டுச் சும்மா நின்றார்கள்.

"கொடிய எடுத்துட்டா அடிப்பாங்க தங்கச்சி," என்றார் தோட்டத்துத் தலைவர் இராமையா. "ஆமிக்காரனுக்கு நம்ம தோட்டத்துல தப்பு அடிச்சதில்ல."

அது கிருஷ்ணராஜின் மனைவி சுதர்ஷினிக்குத் தெரியாதா? இருபத்தேழு வருடங்களுக்கு முன் மாமனார் செத்தபோது, மகன் ஆமியில் லொறி ஓட்டுகிறான் என்று இதே இராமையாதான் தப்பை நிறுத்தினார். அப்பனை ஊமைச் சாவாகத் தூக்கிப்போய்விட்டுத் திரும்பிய கிருஷ்ணராஜ், "எனக்காவது அடிக்கச் சொல்லு" என்று மட்டும் மனைவியிடம் சொன்னார்.

பன்னிரண்டு வருட ஆமிக்குப் பிறகு பரீட்சை எழுதிக் கிராம சேவகரானார். இந்த லயத்தில் அவர் கையெழுத்தில்லாத அடையாள அட்டை உண்டா? இராமையாவின் மகளுக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை; பதுளைக்கு ஏழு தடவை அலைந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு மழைக்காலத்தில் பொலிசைக் கூட்டிவந்து, மேல் லயத்துச் சனத்தைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியேற்றினார். "ஆமிப் புத்தி போகல" என்று மண்ணை வாரித் தூற்றினார்கள். நாலாம் நாள் மலை சரிந்தது. லயம் போனது, ஓர் உயிர்கூடப் போகவில்லை. நன்றி சொன்னார்களா? கோழி போச்சு, சட்டி போச்சு என்று மேலிடத்துக்குப் பெட்டிசம் போட்டார்கள்!

இந்த ஜென்மங்களின் தப்புக்குத்தான் அந்த மனுஷன் ஏங்கினார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கொடியை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை.

கடைசியில் கொடியை மடித்து மனைவி கையில் கொடுப்பது சிப்பாய்களின் முறை. அதை இப்போதே தரும்படி சிங்களத்தில் கேட்டு வாங்கினாள். பெட்டியைத் திறக்கச் சொன்னாள். மடித்த கொடியைக் கணவரின் நெஞ்சில் வைத்து, அதன்மேல் கோடித் துணியை இழுத்துப் போர்த்தினாள்.

"இப்ப ஒங்க கண்ணுக்குத் தெரியலல்ல தலைவரே? அடிக்கச் சொல்லுங்க. இல்லாட்டி அவரு எடுத்துக் குடுத்த ஒங்க மக சர்டிபிகேட்டையும் கொண்டாந்து இந்தப் பெட்டிக்குள்ளயே போடுங்க."

இராமையா தப்புக்காரர்கள் பக்கம் திரும்பி, "அடிங்கப்பா," என்றார்.

சுடுகாட்டுக்குப் போகாமல் பெண்கள் நின்றுவிடும் பாதை முடக்கு வரைக்கும் அவள் பெட்டிக்குப் பின்னால் போனாள். சத்தம் மலை இறங்கிப் போனது.

"நல்லா அடிக்கிறாங்கக்கா," என்றாள் பக்கத்து வீட்டு லெட்சுமி.

"அடிக்கட்டும். அவரு இருக்கையில ஒருத்தராவது உள்ள வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சீங்களாடி?"

அதைச் சொன்ன பிறகுதான் சுதர்ஷினிக்கு அழுகை வந்தது.