பாட்டு நிற்கும் இடம்

பேத்தியின் பாடகர் குழு, என் அப்பா இயற்றிய கிறிஸ்துமஸ் பாட்டை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் வரியின் நடுவில் எல்லாக் குரல்களும் நின்று, இரண்டு தட்டு கழித்துத் தொடர்ந்தன.

"இந்த மௌனம் ஆண்டவருக்கு," என்றார் குழு நடத்துநர். நான் திருத்தப் போகவில்லை.

அறுபதுகளில் காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் ஒத்திகை. கால் ஆர்மோனியத்தின் துருத்தி கிறீச்சிடும். கரும்பலகையில் நான்கு குரல்களுக்கும் அப்பா நான்கு வரிசை எழுதியிருப்பார். அம்மா ஆல்ட்டோ, பெண்களில் தாழ்ந்த குரல். மார்கழிப் பனியில் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். நீண்ட வரிகளில் பின்தங்குவாள். இந்த வருஷம் அவளை உட்காரவைத்துவிடலாம் என்று சபையில் பேச்சு எழுந்தது.

அப்பா மறுநாள் பலகையில் மூன்றாம் வரியை அழித்து, நான்கு வரிசையிலும் நடுவில் இடைவெளி விட்டு எழுதினார்.

ஆண்களில் கனத்த குரலான பேஸ் பாடும் தேவராஜ் மாமா தறி நெய்பவர். "இன்னா வாத்தியாரே, நல்லா போய்க்கினு இருக்கச்சொல்ல இழை அறுந்த மாதிரி நிக்குது?" என்றார்.

"எல்லாரும் நின்னா யாரும் பின்தங்கல இல்லப்பா. பாடு."

இப்போது இங்கே நடத்துநர் மறுபடி பாடவைத்தார். எல்லாம் இளசுகள், நல்ல நுரையீரல்கள். அந்த இடத்தில் சுத்தமான நிசப்தம். எங்கள் கூடத்தில் அது ஒருநாளும் நிசப்தமாக இருந்ததில்லை. அந்த இரண்டு தட்டிலும் அம்மா மூச்சை இழுப்பது கேட்கும்.