அண்ணன் ரத்தம், தம்பி பேர்

மலேசியாவின் கிள்ளானில் செம்பனை எனும் எண்ணெய்ப் பனையின் குலை ஏற்றும் லோரி ஓட்டும் வேலாயுதம், கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன். தொண்ணூற்று ஐந்தாம் வருஷம் தம்பி கன்னையாவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது, தன் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

"இனிமே தம்பி உடம்புல ஓடப்போறது உங்க ரத்தம். குரூப்பே மாறிடும்," என்றார் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சிவகுருநாதன். "ஆனா சின்ன வயசுல வந்த கிருமி ஒண்ணு அவர் உடம்புக்குள்ள தூங்குது. அசந்த நேரம் பாத்து முழிச்சுக்கும். முதல்ல காய்ச்சல்கூட காட்டாது. அதான் வாராவாரம் ரத்தம் பாக்கிறோம். முழிச்சிருந்தா, சாயம் போட்டு இருட்டறையில பாக்கும்போது லென்ஸுக்குள்ள பச்சையா மினுங்கும்."

அந்தப் பச்சை வேலாயுதத்தை விடவே இல்லை. சிக்னலில் பச்சை விழுந்தாலும் ஒரு கணம் லோரியை எடுக்காமல் இருப்பார். பின்னால் ஹார்ன் அலறும்.

பிழைத்து வந்ததற்காகக் கன்னையா, தான் வாழும் கேரி தீவுத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் காப்புக் கட்டிக்கொண்டான். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால், திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையான தீவுப் பாலத்தைத் தாண்டக் கூடாது. ரத்தம் எடுக்கும் நாளோ நடுவில் வந்து விழுந்தது.

"அண்ணே, நீ போயேன். என் ரத்தமும் உன் ரத்தமும் ஒண்ணுதானே? டாக்டரே சொல்லிட்டாரு லா."

அண்ணனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஜாடையும் ஒன்று.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் புது நர்ஸ், மார்க்கிரட். "கன்னையா!" என்று கூப்பிட்டாள். வேலாயுதம் எழவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை, "வந்தேன்," என்றார். சொன்னதும் முதுகில் யாரோ ஈரக்கையை வைத்தது போலிருந்தது.

"அங்கிள், கார்டுல எழுதியிருக்கிறதைவிட நல்லா சதை போட்டுட்டீங்களே!"

"வீட்டுச் சாப்பாடும்மா," என்று கையை நீட்டினார்.

இரண்டு நாளில் போன் வந்தது. ரத்தம் சுத்தம், எதுவும் முழிக்கவில்லை.

நல்ல செய்தியோடு கேரி தீவுக்குப் போனார். கோயிலில் உறுமி அடித்துக்கொண்டிருந்தது. பின்பக்கச் சுவரில் கன்னையா சாய்ந்திருந்தான். செய்தியைச் சொல்லிக்கொண்டே கிட்டே போனார். உச்சிவெயிலிலும் அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"நெஞ்சுக்குள்ள யாரோ நடக்கிற மாதிரி இருக்குண்ணே. ஆனா ரத்தம் சுத்தம்னு சொல்லிட்டாங்கள்ல? அப்ப ஒண்ணுமில்ல," என்று மூச்சு வாங்கச் சிரித்தான்.

அப்போதுதான் வேலாயுதத்துக்கு உறைத்தது. ரத்தம் தான் கொடுத்தது, சரி. தூங்கிக்கிடப்பது தம்பி உடம்பில் அல்லவா? அது தன் கையில் எப்படித் தென்படும்?

"எந்திரிடா, ஆஸ்பத்திரி போவோம்."

"காப்போடயா? செத்தாலும் எல்லை தாண்ட மாட்டேன்."

வேலாயுதம் பூசாரி பழனியப்பனிடம் கையை நீட்டினார். "இவன் கயித்த அவுத்து என் கையில கட்டுங்க. ஒரே ரத்தம்."

"ஆஸ்பத்திரியில பண்ணின ஆள்மாறாட்டம் பத்தலையா மாமா? ஆத்தாகிட்டயுமா?" என்றாள் கன்னையாவின் மனைவி நல்லம்மாள், அழுதுகொண்டே.

பூசாரி அம்மன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். உறுமி தானாக நின்றது. கயிற்றை அவிழ்த்து அண்ணன் கையில் கட்டினார். "இனி நீதான் எல்லை தாண்டக் கூடாது, தெரியுமில்ல?"

பக்கத்து வீட்டுக் காரில் தம்பியை ஏற்றினார்கள். "நல்லம்மா, போன தடவை எடுத்தது என் ரத்தம்னு முதல் வார்த்தையா டாக்டர்கிட்ட சொல்லிடு," என்றார். கார் பாலத்தின் மேல் சிறுத்துப் போனது. அவர் இந்தப் பக்கமே நின்றார்.

மறுநாள் தோட்டத்து ஆபீசிலிருந்து குமாஸ்தாவான கிராணி, காப்புக் கையைப் பார்த்து அவரைத் தம்பி என்றே எண்ணிக் கத்தினார். "கன்னையா! போன்! கன்னையா! கன்னையா!"

'வந்தேன்' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வேலாயுதம் வாயை இறுக மூடிக்கொண்டு போய்ப் போனை வாங்கினார். "கன்னையா அங்க இருக்கான். நான் வேலாயுதம் பேசுறேன்."

"உங்களை என்ன செய்றதுன்னே தெரியலை," என்றார் டாக்டர். "முழிச்சிருச்சு. லென்ஸ் முழுக்கப் பச்சை. மருந்து ஏத்திக்கிட்டிருக்கோம்."

"பொழைச்சுக்குவானா?"

"அடுத்த வாரம் ரத்தம் எடுத்தாத்தான் சொல்ல முடியும். அவரோட கையிலேர்ந்து."

போனை வைத்தபோது மணிக்கட்டில் கயிறு இறுகியிருந்தது. பாலத்தைப் பார்த்து உட்கார்ந்தார். காதோரம் யாரோ மூச்சு வாங்கும் சத்தம், தம்பியுடையது போலவே, கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அது நிற்காமல் இருந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.